எம்.எஸ்.என். பட்டத்தோடு முதல் டியூட்டி

பொருளாதாரத்திலோ கணினியிலோ பட்டம் வாங்கி, சில வருடம் வேலையும் பார்த்துவிட்ட ஒருவர் அமெரிக்காவில் நர்ஸாக வேண்டும் என்று முடிவெடுத்தால், அவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பக்கத்துச் சமூகக் கல்லூரியில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் படிக்கலாம். பல்கலைக்கழகத்தில் 11 முதல் 18 மாதத்துக்குள் முடிகிற துரித பி.எஸ்.என். என்ற நர்சிங் இளங்கலை படிக்கலாம். இல்லையென்றால், நர்சிங்கில் இளங்கலையே இல்லாமல் நேராக எம்.எஸ்.என். என்ற முதுகலையில் சேரலாம். எந்த வழியில் போனாலும் கடைசியில் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வு: குறைந்தது 85 கேள்வி, கூடினால் 150, ஐந்து மணி நேரம். தேறியவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) லைசென்ஸ்.

அப்படியிருக்க முதுகலை எதற்கு? இதற்கு இரண்டு தரப்பிலிருந்தும் சூடாகவே பதில் வருகிறது. வார்டில் பல வருடம் உழைத்த நர்ஸ்கள், நோயாளியின் பக்கத்தில் நின்றே பழகாதவருக்கு மாஸ்டர்ஸ் பட்டமா என்று கேட்கிறார்கள். படிப்பை நடத்தும் பல்கலைக்கழகங்கள், உலகம் தெரிந்த, படிக்கத் தெரிந்த பெரியவர்களை இந்தத் தொழில் ஏன் இழக்க வேண்டும் என்கின்றன. இரண்டு தரப்பும் கவனிக்காமல் விடுவது, இங்கே ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு படிப்புகள் நடக்கின்றன என்பதைத்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 15 மாதப் படிப்பும் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஐந்து செமஸ்டர் படிப்பும் பொது நர்ஸை உருவாக்குகின்றன. பட்டம் முதுகலை என்றாலும் போகிற வேலை ஸ்டாஃப் நர்ஸ் வேலை. யேலின் மூன்றாண்டுப் படிப்போ முதல் கட்டத்தில் ஆர்.என். ஆக்கி, மீதிக் காலத்தில் அவரையே நர்ஸ் பிராக்டிஷனராகவோ நர்ஸ் மிட்வைஃபாகவோ ஆக்கி அனுப்புகிறது. அவர் நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். ஒன்றின் மேல் உள்ள குறையை இன்னொன்றின் மேல் சுமத்தி, ஒன்றின் நிறைக்கு இன்னொன்று உரிமை கொண்டாடி வருவதால்தான் இந்த வாதம் முடியாமல் நீள்கிறது.

பட்டதாரிகளை நர்சிங்குக்கு அழைப்பது பழைய யோசனை. முதல் உலகப் போர் நடந்த 1918 கோடையில், நியூயார்க் மாநிலத்தின் வாஸர் கல்லூரியில் பட்டதாரிப் பெண்கள் 400க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி முகாம் நடந்தது. அறிவியல் பாடங்களைக் கோடையிலேயே படித்து முடித்துவிட்டு, அவர்கள் மருத்துவமனைப் பள்ளிகளுக்குப் போய் வார்டு வேலை பழகினார்கள். 1923ல் ஆனி குட்ரிச்சைத் தலைவராகக் கொண்டு யேல் நர்சிங் பள்ளி தொடங்கியது. 1934 முதல் அது சேர்க்கைக்கு இளங்கலைப் பட்டத்தைக் கட்டாயமாக்கி, முடித்தவர்களுக்கு நர்சிங்கில் முதுகலையே கொடுத்தது. 1950களில் நின்றுபோன அந்த வழியை 1974ல் மூன்றாண்டுப் படிப்பாக மறுபடி திறந்தார்கள். அந்தக் காலத்தில் பட்டம் என்பது நீண்ட வார்டுப் பயிற்சிக்குள் நுழையத் தேவையான தகுதி. இன்று அதே பட்டம், பயிற்சியைச் சுருக்குவதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்த மாற்றத்தைத்தான் நாம் எடைபோட வேண்டும்.

வேறு துறையிலிருந்து வருபவர் கொண்டுவருவதை முதலில் பார்ப்போம். அதைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் டிஸ்சார்ஜ் நேரத்தில் ஒரு வார்டில் நின்று பார்க்க வேண்டும். இதயச் செயலிழப்போடு வந்த முதியவர் வீட்டுக்குக் கிளம்புகிறார். தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று பவுண்டோ, ஒரு வாரத்தில் ஐந்து பவுண்டோ ஏறினால் உடனே போன் செய்ய வேண்டும். டின் சூப்பில் உப்பு அதிகம், தொடக் கூடாது. இதையெல்லாம் அச்சிட்ட தாளில் காட்டிக் கையெழுத்து வாங்க இரண்டு நிமிடம் போதும். பத்து வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவர் அப்படிச் செய்ய மாட்டார். “உங்க பொண்ணு போன்ல கேட்டா என்னன்னு சொல்வீங்க? எங்கிட்ட ஒருமுறை சொல்லுங்க” என்பார். பெரியவர் தடுமாறுகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து மறுபடி சொல்லிக் கொடுப்பார். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதா என்றும் கேட்பார். இல்லை என்று அப்போதுதான் தெரியவரும். கற்பிக்கும் இந்தத் திறமை நர்சிங் வேலையில் ஓரமாகக் கிடப்பதல்ல. அதுதான் அந்த முதியவரை மறுபடி எமர்ஜென்சிக்கு வராமல் காப்பது.

இல்லாததையும் அதே அளவு பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வயிற்றில் அறுவை முடிந்து இரண்டாம் நாள். காலையில் நிமிடத்துக்கு 16 ஆக இருந்த மூச்சு மத்தியானம் 24 ஆகியிருக்கிறது. நாடி 88லிருந்து 104. பி.பி. நன்றாக இருக்கிறது, ஆக்சிஜன் 95. நோயாளி “நல்லாத்தான் இருக்கேன்” என்கிறார். ஆனால் கை போர்வையை இழுத்துக்கொண்டே இருக்கிறது. புதியவர் நான்கு எண்களையும் சரியாகப் பதிவுசெய்துவிட்டு அடுத்த அறைக்குப் போவார். பழையவர் போக மாட்டார். பி.பி. விழும்வரை காத்திருக்கக் கூடாது, மூச்சுதான் முதலில் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். புத்தகத்தில் இது எழுதியிருக்கிறது. புதியவரும் படித்துத் தேர்வில் சரியாகவே எழுதியிருப்பார். ஆனால் ஐந்து நோயாளிகளைச் சேர்த்துப் பார்க்கிற மத்தியானத்தில், நான்கு எண்கள் ஒன்றுசேர்ந்து ஒரு ஆபத்தாகத் தெரிவதற்கு, முன்பு அப்படிப்பட்ட சிலரைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பேட்ரிசியா பென்னர் 1984ல் நர்ஸ்களின் வளர்ச்சியைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டியபோது, ஒரே மாதிரியான சூழலில் இரண்டு மூன்று வருடம் வேலை செய்தவரைத்தான் நடுப்படியில் வைத்தார். முந்தைய தொழிலில் எத்தனை வருடம் இருந்திருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது.

இதோடு நின்றால் பழைய நர்ஸ்களின் பக்கமே தீர்ப்பு சாய்ந்துவிடும். நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணியின் தோற்றமும் அவர்களுக்கே சாதகம். 1965ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து அதைத் தொடங்கிய லொரெட்டா ஃபோர்டு, கிராமப்புறங்களில் பொதுச் சுகாதார நர்ஸாக வேலை செய்தவர். அனுபவப்பட்ட நர்ஸின் கையில் கூடுதல் அறிவும் அதிகாரமும் கொடுப்பதுதான் அவர்களது நோக்கம். அடித்தளமே இல்லாமல் மேல்மாடி கட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் அளந்து பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்திருக்கிறது. 2005ல் வெளியான ஓர் ஆய்வு, நர்ஸ் பிராக்டிஷனர்களின் ஆர்.என். அனுபவ வருடங்களையும் அவர்களின் கிளினிக்கல் திறமையையும் ஒப்பிட்டது. அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண்ணுக்கும் அனுபவத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. கூட வேலை செய்த மருத்துவர்கள் போட்ட மதிப்பெண்ணோ, ஆர்.என். வருடங்கள் கூடக்கூடக் குறைந்தே போயிருந்தது. இதை வைத்துக்கொண்டு அனுபவமே தேவையில்லை என்று கொடி பிடிப்பது தவறு. இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஆட்கள் குறைவு; மதிப்பிடுவது மனிதர்களின் அபிப்பிராயம்; நோயாளிகள் என்ன ஆனார்கள் என்பது அவற்றில் இல்லை. கடும் போட்டியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் எந்தப் படிப்பிலும் நன்றாகச் செய்வார்கள் என்பதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும், அனுபவம் இல்லாதவர் ஆபத்தானவர் என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டுகிறவர்களுடையது. அதை அவர்கள் இன்னும் செய்யவில்லை.

எனக்கு இந்த வழக்கின் திறவுகோலாகப் படுவது, அதே மருத்துவமனைகளில் வேலை செய்யும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட். அவரும் வேறு பட்டம் முடித்து வந்தவராக இருக்கலாம். அவரிடம் நர்சிங் லைசென்ஸ் இருக்காது. இரண்டேகால் வருடம் போலப் படித்துவிட்டு நோயைக் கண்டறிகிறார், மருந்து எழுதுகிறார். வார்டில் நர்ஸாக நிற்காதவர் எப்படி மருந்து எழுதலாம் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஏன்? அவரது படிப்புக்குள்ளேயே ஏறத்தாழ 2,000 மணி நேரக் கிளினிக்கல் பயிற்சி வெவ்வேறு பிரிவுகளில் அடங்கியிருக்கிறது. நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு நீண்ட காலமாக இருந்த குறைந்தபட்ச அளவு 500 மணி நேரம். 2022ல்தான் அதை 750 ஆக்கினார்கள். அந்த 500 மணி நேரம் யாருக்காகப் போடப்பட்ட அளவு? ஏற்கெனவே பல வருடம் வார்டில் நின்ற நர்ஸுக்காக. உள்ளே வருகிறவர் மாறிவிட்டார், அளவு மட்டும் அப்படியே இருந்தது. ஆர்.என். கட்டத்தில் செய்யும் கிளினிக்கல் மணிகளைக் கூட்டினாலும் இடைவெளி முழுதாக அடையாது. அவை வேறு வேலையைப் பழகும் மணிகள். ஆக, குறை மாணவர் வந்த வழியில் இல்லை. அவருக்குத் தரப்படும் பயிற்சியின் அளவில் இருக்கிறது.

அந்த மணிகளின் தரமும் கேள்விக்குரியதே. பல பள்ளிகளில், கிளினிக்கில் கூடவே வைத்துப் பயிற்சி தரும் பிரிசெப்டரை மாணவரே தேட வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே துறையில் இருக்கும் நர்ஸுக்குத் தெரிந்த டாக்டர்களும் கிளினிக்குகளும் உண்டு. கணக்கு அலுவலகத்திலிருந்து வந்தவருக்கு யாரைத் தெரியும்? கிளினிக் கிளினிக்காக மெயில் அனுப்புகிறார். ஒன்றும் அமையாவிட்டால் இடைத்தரகு நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறார். இத்தனை கட்டணம் வாங்கும் ஒரு பள்ளி, பயிற்சி இடத்தைத் தேடும் பொறுப்பை மாணவர் தலையில் போடுவதை நான் மோசடிக்கு ஒரு படி கீழே என்றுதான் சொல்வேன்.

எந்தப் பிரிவுக்கு எந்த அளவு அனுபவம் தேவை என்பதை இந்தத் தொழிலே சில இடங்களில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறது. மயக்க மருந்து தரும் நர்ஸ் அனஸ்தடிஸ்ட் படிப்பில் சேர, ஐ.சி.யூ. போன்ற தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஒரு வருடம் முழுநேர ஆர்.என். அனுபவம் கட்டாயம். அங்கே நிமிடங்களில் உயிர் போகும். யாரும் இந்த விதியோடு வாதாடுவதில்லை. எதிர்முனையில் மகப்பேறு இருக்கிறது. நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் நர்ஸாகவே ஆகாமல், வேறு பட்டத்தோடு நேராக முதுகலை படித்து லைசென்ஸ் வாங்கிய மிட்வைஃப்கள் இருக்கிறார்கள். நர்ஸ் மிட்வைஃப்கள் எழுதும் அதே சான்றிதழ்த் தேர்வைத்தான் அவர்களும் எழுதுகிறார்கள். பார்ப்பதும் அதே பிரசவம்.

எனவே நர்ஸ் பிராக்டிஷனர் ஆக்கும் மூன்றாண்டு வழியைப் பற்றி என் முடிவு இது. குடும்ப மருத்துவம், மனநலம், மகப்பேறு போல, ஒரே நோயாளியைப் பல முறை பார்த்துப் பேசி முடிவெடுக்கும் பிரிவுகளில் அது நியாயமான வழி. கூடவே இரண்டு நிபந்தனைகள்: பயிற்சி இடத்தைப் பள்ளியே தர வேண்டும், முடித்ததும் ரெசிடென்சி என்ற ஒரு வருட மேற்பார்வைப் பயிற்சி வேண்டும். இரண்டாவது வெறும் கனவில்லை. கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் ஒரு சமூகச் சுகாதார மையம் 2007லேயே நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு அப்படியொரு ரெசிடென்சியைத் தொடங்கி நடத்திக் காட்டியது. அதன்பின் பல இடங்களில் வந்தும், கட்டாயமாகாமல் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதுதான் குறை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தயார்செய்யும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு நேர்வழி கூடாது. மத்தியான மூச்சு 24ஐப் படிக்கத் தெரிந்த பிறகுதான் அங்கே போக வேண்டும்.

இனி மற்ற வகை: முதுகலைப் பட்டத்தோடு வெளியே வரும் பொது நர்ஸ். இதற்காகப் பேசுகிறவர்கள் அடிக்கடி காட்டும் சான்று, லிண்டா ஏகனும் சகாக்களும் 2003ல் வெளியிட்ட பென்சில்வேனியா ஆய்வு. 168 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகள். இளங்கலையோ அதற்கு மேலோ படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. முக்கியமான ஆய்வுதான். ஆனால் அது பிரித்துக் காட்டுவது அசோசியேட் பட்டத்தையும் இளங்கலையையும். இளங்கலை நர்ஸைவிட நேர்வழி முதுகலை நர்ஸ் மேல் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதை இந்தப் பட்டத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடுவது சரியான வாதமாகாது.

இன்னொரு நியாயம், கிளினிக்கல் நர்ஸ் லீடர் என்ற பணி. 2000களில் அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் வகுத்த அந்தப் பணிக்கு, ஒரு வார்டின் பராமரிப்பு முழுவதையும் பார்த்து, எங்கே தவறு நடக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்துகிறவர் தேவை. நல்ல நோக்கம். ஆனால் நேற்று லைசென்ஸ் வாங்கியவரிடம் எந்த மருத்துவமனை அந்தப் பொறுப்பைக் கொடுக்கும்? கொடுக்கவும் கூடாது. அவர் மற்ற புதியவர்களோடு சேர்ந்து நைட் டியூட்டியில்தான் தொடங்குகிறார். சம்பளமும் பெரும்பாலும் பி.எஸ்.என். நர்ஸின் சம்பளமே. பின்னால் நர்ஸ் பிராக்டிஷனராக ஆசைப்பட்டால் இன்னொரு சான்றிதழுக்கோ டாக்டர் பட்டத்துக்கோ மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். ஆசிரியப் பணிக்கு முதுகலை உதவும் என்பது உண்மை. நர்சிங் ஆசிரியர் பற்றாக்குறை அங்கே கடுமை. 2023ல் மட்டும் தகுதியுள்ள 65,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைப் பள்ளிகள் திருப்பி அனுப்பின, அதற்கு ஆசிரியர் போதாமையும் ஒரு காரணம். ஆனால் கற்பிக்கத் தேவையான முதுகலையை நான்கைந்து வருடம் வேலை செய்த பிறகு படித்தால் என்ன கெட்டுவிடும்?

இந்தப் பட்டம் ஏன் பெருகியது என்பதற்குப் பாடத்திட்டத்தைவிடக் கடன் விதிகளில் தெளிவான விடை கிடைக்கிறது. ஏற்கெனவே பட்டம் உள்ளவருக்கு ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை கிடையாது. இளங்கலைக்கு அரசுக் கடன் வாழ்நாள் முழுதும் அதிகபட்சம் 57,500 டாலர். முதல் பட்டத்துக்கே அதில் பெரும்பகுதி போயிருக்கும். துரித பி.எஸ்.என். படிக்க வருகிறவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். முதுகலை என்றால் 2006லிருந்து கிராட் பிளஸ் என்ற திட்டத்தில் முழுச் செலவுக்கும் கடன் வாங்கலாம் என்று இருந்தது. அதே படிப்பை முதுகலையாக மாற்றினால் பள்ளிக்குக் கட்டணம் வரும், மாணவருக்குக் கடன் கிடைக்கும். பள்ளிகள் இதை மனதில் வைத்தே செய்தன என்று நான் சொல்லவில்லை. விதிகள் அந்தப் பக்கம் தள்ளின என்பது போதும். பல தனியார் பல்கலைக்கழகங்களில் மொத்தச் செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. 2024 கணக்கில் ஆர்.என்.களின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு ஏறத்தாழ 93,600 டாலர். சமூகக் கல்லூரி வழியே சில ஆயிரம் டாலரில் வந்தவருக்கும் அந்த வேலைதான், அந்தச் சம்பளம்தான்.

2025 ஜூலை 4ல் கையெழுத்தான சட்டம் இந்தக் கதவை மூடுகிறது. 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிராட் பிளஸ் இல்லை. முதுகலைக்கு வருடத்துக்கு 20,500, மொத்தம் ஒரு லட்சம் டாலர் மட்டுமே அரசுக் கடன். இரண்டு கல்வியாண்டாகக் கணக்கிட்டாலும் 15 மாதப் படிப்புக்கு 41,000 டாலர்தான் கிடைக்கும். மருத்துவம், சட்டம் போன்ற தொழில்முறைப் பட்டங்களுக்கு வருடத்துக்கு 50,000 உண்டு. 2025 நவம்பரில் கல்வித் துறை கூட்டிய குழுவின் வரைவில் அந்தப் பட்டியலில் நர்சிங் இல்லை. நர்சிங் சங்கங்கள் கொதித்தது நியாயமே. பொது நர்ஸ் முதுகலையின் விலையைக் குறைக்க வைத்தால் இந்தச் சட்டத்தால் ஒரு நன்மை. ஆனால் கிராமத்து கிளினிக்குக்கு நர்ஸ் பிராக்டிஷனரை அனுப்பும் மூன்றாண்டுப் படிப்பையும் அதே கத்தியால் வெட்டுகிறது. சேமிப்பு உள்ளவர் மட்டுமே தொழில் மாறலாம் என்றாகிவிடும். 2008 முதல் ராபர்ட் உட் ஜான்சன் அறக்கட்டளை, துரிதப் படிப்புகளில் சேர்ந்த பின்தங்கிய மாணவர்கள் ஏறத்தாழ 3,500 பேருக்குத் தலைக்கு 10,000 டாலர் கொடுத்தது. அரசு எடுத்து நடத்தியிருக்க வேண்டிய திட்டம் அது. 2015ஐ ஒட்டி முடிந்துபோனது.

படுக்கையருகே வேலை செய்யத்தான் ஆசை என்றால், துரித பி.எஸ்.என். போதும், அதற்கு மேல் முதுகலை என்ற பெயருக்காக இரண்டு மடங்கு பணம் கட்டுவதற்கு எந்தச் சான்றும் இதுவரை இல்லை. பொது நர்ஸாக்கும் முதுகலையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் ஊரில் இந்த வாதத்துக்கே இடமில்லை. எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர பி.எஸ்சி. நர்சிங்கும் ஒரு வருடப் பணி அனுபவமும் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. வேறு பட்டம் முடித்தவர் மனம் மாறினால், பிளஸ் டூவில் உயிரியல் படித்திருந்தால் மட்டுமே நான்காண்டு பி.எஸ்சி.யை முதல் வருடத்திலிருந்து தொடங்கலாம். ஆனால் கணவரின் வேலைக்காக அமெரிக்கா போய், பி.இ.யோ எம்.சி.ஏ.வோ கையில் இருந்தும் வீட்டில் இருக்க நேர்ந்த தமிழ்ப் பெண்கள் இந்தப் படிப்புகளை விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெச்-4 விசாவில் படிக்கலாம், ஆனால் அரசுக் கடன் கிடைக்காது. வேலை அனுமதி இல்லாவிட்டால் லைசென்ஸ் வாங்கியும் வேலைக்குப் போக முடியாது. அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பிறகு பள்ளியின் அலுவலகத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள்: கடந்த வருடம் முதல் முயற்சியில் என்கிளெக்ஸ் தேறியவர்கள் எத்தனை சதவீதம், கிளினிக்கல் மணி எத்தனை, பிரிசெப்டரை யார் தேடித் தருகிறார்கள். மூன்றாவது கேள்விக்கு “நீங்களே” என்று பதில் வந்தால், முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.